சுரங்கத்துக்குள் சுடுகாற்று

அத்தியாயம் 9

"அக்கா, இது ஏசி இல்ல. உள்ளே யாரோ உட்கார்ந்து பெருமூச்சு விடறாங்க."

டாஷ்போர்டு துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை வைத்தபடி மாப்பிள்ளை சொன்னார். பின் சீட்டில் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மறுமுனையில் ஒரு நீளமான டிரெய்லர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டதாம். வலது பக்கம் சுரங்கத்தின் சுவர். இடது பக்கம் ஒரு பஸ். முன்னால் மணல் லாரி. பின்னால் கணக்கில்லாத விளக்குகள். கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் புழுக்கம்.

மணி மூன்று முப்பது. நான்கு மணிக்கு கோர்ட்.

"நாலு மணிக்குள்ள போயிடலாமா தம்பி?" என்று கேட்டார் பின் சீட்டு அம்மாள்.

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர். "வரணும்னு இருந்தா வரும்."

பின் சீட்டு அம்மாளை ஊரே சர்வேயரம்மா என்றுதான் கூப்பிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். பம்பரில் இருக்கும் கீறலைப் பார்த்தே எவன் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவார். ரிட்டயரானதும் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டுத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை அவருடைய தங்கை கணவர். மருந்துக் கம்பெனி வேலை போனதும் 'தற்காலிகமாக' உதவிக்கு வந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. தங்கை கணவர் என்பதால் சர்வேயரம்மா அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மரியாதை அதோடு சரி. சாக்கடையில் இறங்கி எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், "மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்குங்க" என்பார்.

கார் ஒரு டாக்டருடையது. அவர் ஒரு தபால்தலைப் பைத்தியம். நாற்பது வருஷம் சேர்த்த ஆல்பத்தைச் சின்னப் பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்கு முன் கண்காட்சிக்குக் கிளம்பினார். காலையிலேயே பெட்டியை டிக்கியில் வைத்தாயிற்று. மதியச் சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம், மூன்று மணிக்குப் பயணம். மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய டெலிபோன் டைரக்டரி.

அரை மணி நேரத்தில் டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போலீஸ் சொன்ன கணக்கு சுருக்கமானது. டாக்டர் வீட்டில் எல்லாரும் தூங்கிய மதிய நேரத்தில், போர்ட்டிகோவில் பூட்டி நின்ற வண்டியை யாரோ திறந்திருக்கிறார்கள். அந்த வண்டிக்கு ரிமோட் சாவி இரண்டு. ஒன்று டிரைவர் இடுப்பில், ஒன்று டாக்டர் தலையணைக்கு அடியில். மூன்றாவதாக வீட்டு மேஜை டிராயரில் ஒரு வெறும் சாவி உண்டு. அதைப் போட்டுத் திறந்தால் வண்டி திருடன் என்று நினைத்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தும். அன்றைக்கு வண்டி கத்தவில்லை. எனவே ரிமோட். எனவே டிரைவர்.

அந்த டிரைவர் இன்று நான்கு மணிக்கு, "ஆமாம், நான்தான்" என்று ஜட்ஜ் முன்னால் சொல்லப்போகிறார். எடுக்கவில்லை என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார். ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாரோ வக்கீல் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் அவர் மனைவி சர்வேயரம்மாவின் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட மாட்டாமல் நின்றபடியே சொன்னாள்: "அவர் வாயால அதைச் சொல்லிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் அழியாதும்மா. என் பிள்ளைங்க அதைக் கேட்டுட்டுத்தான் வளரணும்."

ஸ்டேஷனிலிருந்து காரை இன்றைக்குத்தான் விட்டார்கள். எடுக்க வந்தவர் டாக்டரின் மச்சான், டாக்டர் மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கியிருப்பவர். காரைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போயிருந்த சர்வேயரம்மா, "கோர்ட்டுக்குப் போகணும், எங்களையும் ஏத்திக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து ஏறிவிட்டார். மச்சானால் மறுக்க முடியவில்லை.

மணல் லாரி ஒரு அடி பின்னால் உருண்டது.

"லாரி, லாரி!" என்றார் மாப்பிள்ளை.

மச்சான் ஹெட்லைட்டை மூன்று தடவை பளிச்சிட்டார். லாரி நின்றது.

"ஹாரனைத் தொடாத டிரைவரை நான் இப்பதான் பார்க்கறேன்," என்றார் மாப்பிள்ளை. "உங்களுக்கு ஒரு சிலை வைக்கலாம் சார். ஆனா ஏசி இருக்கிற இடமா பார்த்து வைக்கணும்."

"எனக்குச் சத்தம் ஆகாது," என்றார் மச்சான் சுருக்கமாக.

பின் சீட்டில் சர்வேயரம்மா முன்னால் நகர்ந்தார். அவருக்கும் வேர்த்திருந்தது. பின் கதவுகளை டாக்டரின் பேரப் பிள்ளைகளுக்காக உள்ளிருந்து திறக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். அதை அவர் ஏற்கெனவே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, காத்து வேகமா வருதா?"

"வேகத்துக்குக் குறைவே இல்லக்கா. அடுப்பு ஊதலாம்."

"அப்ப ஃபேன் ஓடுது, வழியில அடைப்பும் இல்ல. குமிழ் எந்தப் பக்கம் இருக்கு?"

"நீலத்தோட கடைசி வீட்டுல."

"ஏசி பட்டனை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. இன்ஜின் பக்கம் 'டக்'னு ஒரு சத்தம் கேட்கணும். வண்டி லேசா முக்கணும்."

மாப்பிள்ளை அணைத்தார். போட்டார். காதைத் தீட்டினார். இன்ஜின் எந்தக் கவலையும் இல்லாமல் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது.

"டக்கும் இல்ல, முக்கலும் இல்ல."

"கம்ப்ரஸர் கிளம்பவே இல்ல," என்றார் சர்வேயரம்மா.

"கேஸ் போயிருக்கும்மா," என்றார் மச்சான். "எல்லா வண்டியிலயும் அதான் வியாதி."

"கேஸ் கசிஞ்சா குளிர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும் தம்பி. அன்னைக்கு மண்டபம் வரைக்கும் சால்வை போர்த்திக்கிட்டுத் தூங்கினேன்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். அதுக்கப்புறம் வண்டி மண்டபத்து வாசல்ல ஒரு மணி நேரம், ஸ்டேஷன் வாசல்ல மூணு நாள், சும்மாத்தான் நின்னுது. சால்வை போர்த்த வச்ச ஏசி, நின்ன இடத்துலயே செத்துப் போச்சுன்னா வியாதி இல்ல. யாரோ கையை வச்சிருக்காங்க. பானெட்டைத் திறங்க."

"சுரங்கத்துக்குள்ளயா? திடீர்னு வண்டி நகர்ந்துட்டா?"

"நகர்ந்தா சந்தோஷம்."

மச்சான் ஒரு கணம் யோசித்தார். "நானே பார்க்கறேன்" என்று கதவைத் தள்ளினார். கதவு நான்கு விரல்கடை திறந்து சுவரில் மோதி நின்றது. நிற்பதற்கு முன் முந்தப் பார்த்து வண்டியைச் சுவரோடு ஒட்டியவர் அவர்தான். அந்த நாலு விரல்கடையில் ஆள் போகாது, மூச்சுதான் போகும்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்குங்க."

"தெரியும்க்கா. சாக்கடைக்கு அடுத்து சுரங்கம்."

பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் மாப்பிள்ளை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஊர்ந்தார். மச்சான் மனமில்லாமல் நெம்புகோலை இழுக்க, பானெட் திறந்தது. பஸ் ஜன்னலில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ரேடியேட்டரா?" என்று கேட்டார். "இல்லீங்க, ராசி சரியில்ல" என்றார் மாப்பிள்ளை.

ஓரத்தில் கறுப்பு மூடி போட்ட பெட்டி. மூடியைக் கழற்றினார். தீப்பெட்டியில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரிலே என்பார்கள்; ஒவ்வொன்றும் ஒரு கருவிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். எது எதற்கு என்று மூடியின் உள்பக்கம் படம் போட்டிருந்தது. பனிப்பூ படம் போட்ட இடத்தைத் தேடினார். அங்கே கட்டை இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி பொக்கையாக இருந்தது. மற்ற எல்லாக் கட்டைகளின் மேலும் வருஷக்கணக்கான தூசி. ஒன்றின் மேல் மட்டும் விரல் தடம்.

அது எந்தப் படம் என்று மூடியைத் திருப்பிப் பார்த்தார். புருவம் தானாக ஏறியது.

பானெட்டைச் சாத்திவிட்டு, மூடியோடு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு செடிக்கு ஊற்றலாம்.

"ஏசி ரிலேயே இல்லக்கா. இடம் காலி."

மச்சான் நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது மாப்பிள்ளைக்குக் கேட்டது. "பார்த்தீங்களா, ஸ்டேஷன்ல எவனோ திருடியிருக்கான்!" என்றார் மச்சான். குரலில் வேண்டாத உற்சாகம்.

மாப்பிள்ளை மூடியைப் பின்னால் நீட்டினார். விரல் தடம் இருந்த கட்டைக்கு உரிய படத்தின் மேல் தன் கட்டை விரலை வைத்திருந்தார். சர்வேயரம்மா படத்தைப் பார்த்தார். ஊதுகுழல் படம். மூடியை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷ பம்பர் கீறல்களும் அந்த முகத்தில் ஒரு நொடி ஓடின.

"தம்பி, லாரி மறுபடி பின்னால வருது பாருங்க. கொஞ்சம் ஹாரன் அடிங்க."

மச்சான் லைட்டைப் போட்டார்.

"லைட் வேண்டாம். ஹாரன்."

"அது வேலை செய்யாதும்மா."

"அப்படியா? எப்ப இருந்து?"

"அது... கொஞ்ச நாளா."

"ஸ்டேஷன்ல வண்டியை எடுத்ததுல இருந்து நீங்க அதைத் தொடவே இல்லையே. எப்படித் தெரியும்?"

"டிரைவர் சொன்னான்."

"டிரைவரை மண்டபத்துலயே பிடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க அவரைப் பார்க்கல. அன்னைக்குக் காலைல வண்டி வெளியே போகவும் இல்ல. எப்ப சொன்னார்? மாப்பிள்ளை, அடிங்க."

மாப்பிள்ளை எட்டி ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார்.

பாஆஆஆம்!

சுரங்கம் முழுக்க அந்தச் சத்தம் ஓடிப்போய் மோதித் திரும்பி வந்தது. பஸ் பெரியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். செத்தவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி அதைப் பார்த்தார்.

"நல்லா வேலை செய்யுது," என்றார் சர்வேயரம்மா. "இந்த வண்டியில ஹாரன் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தர் அதைக் கொன்னவர். இன்னொருத்தர் அதுக்கு உயிர் கொடுத்தவர். உயிர் கொடுத்தவர் லாக்கப்ல இருக்கார்."

"எனக்குப் புரியல," என்றார் மச்சான்.

"எனக்கும்தான்," என்றார் மாப்பிள்ளை. "ஆனா நான் சம்பளத்துக்குப் புரியாம இருக்கேன்."

"திருட்டு பயத்துல இந்த வண்டி கத்தினா எதை வச்சுக் கத்தும்? ஹாரனை வச்சுத்தான். ஹாரன் ரிலேயை உருவிட்டா வாயைத் தைச்ச மாதிரி. வெறும் சாவி போட்டுத் திறக்கலாம், விளக்கு மட்டும் மின்னும். பட்டப்பகல்ல அதை யார் பார்க்கறா? டிரைவர் தினமும் காலைல பானெட்டைத் திறந்து தண்ணி பார்ப்பார். துணி எடுக்க அவர் உள்ளே போற நேரம் போதும் உருவறதுக்கு. ரிமோட்டை இடுப்புல வச்சிருக்கிற மனுஷனுக்கு ஹாரனைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்ல தம்பி. டிராயர் சாவியை எடுக்கிறவனுக்குத்தான் அந்த அவசியம்."

"ஆனா ஹாரன் இப்ப அடிக்குதே!"

"அதான் உங்களுக்குத் தெரியாதது. ஏசி ரிலேயும் ஹாரன் ரிலேயும் ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு கெட்டா இன்னொண்ணை உருவி மாட்டறது ஒவ்வொரு பழைய டிரைவருக்கும் கை வந்த பாடம். ஏசி சாகல தம்பி. ஹாரனுக்கு உயிரைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கு."

மச்சானின் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது.

"அதை இங்க கொடுங்க," என்றார் சர்வேயரம்மா. "மூணு நாளா வண்டி போலீஸ்கிட்ட. திருப்பி வைக்க இன்னைக்குத்தான் சந்தர்ப்பம். வைக்க வர்றவர் வைக்க வேண்டியதைக் கையிலதானே கொண்டு வருவார்? நாங்க ஏறாம இருந்திருந்தா ஸ்டேஷன் முக்குலயே வேலை முடிஞ்சிருக்கும்."

மச்சான் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, பையிலிருந்த கறுப்புக் கட்டையை வெளியே விட்டெறிந்தார். அது சுவரில் பட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது.

"நல்லது," என்றார் சர்வேயரம்மா. "உங்க விரல் ரேகையோட அங்கேயே கிடக்கட்டும். டிராஃபிக் நகர்ற வரைக்கும் அதுவும் எங்கயும் போகாது. நீங்களும் போக முடியாது."

அப்போதுதான் மச்சான் சிரித்தார். கண்ணாடியை ஏற்றினார். ஒரு பட்டனை அழுத்தினார். நான்கு கதவுகளும் ஒரே குரலில் 'டொக்' என்றன. இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தார். ஃபேன் நின்றது. சூடான காற்று நின்றதும்தான், அதுவும் ஒரு காற்றாக இருந்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

"உங்க ரெண்டு பேர் போனையும் பாருங்க," என்றார் மச்சான். "சுரங்கத்துல சிக்னல் கிடையாது. மணி மூணு நாற்பத்தஞ்சு. நான் யாரையும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. சும்மா உட்காருவோம். நானும் வேர்க்கறேன், நீங்களும் வேர்த்துட்டே இருங்க. நாலு மணிக்கு அவன் 'ஆமாம்'னு சொல்லிடுவான். அவன் வாயால சொன்னதுக்கப்புறம் உங்க கறுப்புக் கட்டையை யார் பார்ப்பா?"

"அந்த வக்கீலை அனுப்பினது நீங்கதானா?"

"பதினாலு வருஷம்மா! அக்கா வீட்டுல தண்டச்சோறுன்னு பதினாலு வருஷம் அந்த டாக்டர் வாயால கேட்டிருக்கேன். என் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு போடாத மனுஷன், தபால்தலைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்."

"கோபம் டாக்டர் மேல. தண்டனை டிரைவருக்கா?"

மச்சான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கதவின் கைப்பிடியை இழுத்தார். அது அசையவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பஸ் நிறைய ஆட்கள் ஒரு கை தூரத்தில் இருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் எல்லாரும் அவரவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றார் அவர். "ஹாரன் அடிக்கச் சாவி வேணுமா?"

"இந்த வண்டிக்கு வேண்டாம்."

மாப்பிள்ளை மச்சானின் மேல் சாய்ந்தார், விழுந்தார் என்றே சொல்லலாம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். ஹாரன் அலறத் தொடங்கியது. மச்சான் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார், தோளில் குத்தினார். மாப்பிள்ளை விடவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பின்னால் வந்த வண்டிகள் கோபத்தில் தாங்களும் சேர்ந்துகொள்ள, சுரங்கமே ஒரு பெரிய தொண்டையாகி ஊளையிட்டது.

கண்ணாடியில் ஒரு லத்தி தட்டியது.

டிராஃபிக் கான்ஸ்டபிள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. "யோவ்! ஹாரன் அடிக்கக்கூடாதுன்னு வாசல்ல எவ்வளவு பெரிய போர்டு! கதவைத் திற!"

காக்கிச் சட்டை கண்ணுக்கு நேரே நிற்கும்போது யார்தான் திறக்காமல் இருப்பார்கள்? 'டொக்'. கதவு திறந்தது. புகை கலந்த காற்று மலைக்காற்று மாதிரி உள்ளே வந்தது.

"அபராதத்தை அப்புறம் எழுதிக்கோங்க, ரெண்டு மடங்கா எழுதுங்க," என்றார் சர்வேயரம்மா பின் சீட்டிலிருந்தே. "உங்க இடுப்புல இருக்கே வாக்கி டாக்கி, அது சுரங்கத்துக்குள்ள பேசுமா?"

"பேசும். எதுக்கு?"

"கோர்ட்டுல எஸ்.ஐ. இருப்பார். பக்கத்துல ஒரு டிரைவர் விலங்கோட நிப்பார். அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கணும். அன்னைக்கு மண்டபத்து வாசல்ல டாக்டர் உள்ளே போனதும் பானெட்டை எதுக்குத் திறந்தார்? வேற எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இது மட்டும்."

கான்ஸ்டபிள் அவரைப் பார்த்தார். மச்சானின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். தலை கலைந்து, சட்டை கிழிந்து, இன்னமும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். வாக்கி டாக்கியை எடுத்தார்.

மூன்று ஐம்பத்து மூன்று.

கரகரப்பு. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மறுபடி கரகரப்பு. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று ஐம்பத்தாறுக்கு எஸ்.ஐ.யின் குரல் வந்தது.

"கேட்டேன்... ஹாரன் திடீர்னு வேலை செய்யலையாம். ஏசி ரிலேயைக் கழட்டி அதுல மாட்டினானாம். ஏன்யா இதை எங்ககிட்ட சொல்லலன்னு கேட்டா, 'நீங்க ஆல்பத்தைப் பத்தித்தானே கேட்டீங்க'ங்கறான். 'ஏசி இல்லேன்னா வேர்க்கும், ஹாரன் இல்லேன்னா ரோட்டுல எவனாவது சாவான்'ங்கறான். இதுல என்னங்க விஷயம்?"

"விஷயம் இங்க என் முன்னால உட்கார்ந்திருக்கு," என்றார் சர்வேயரம்மா வாக்கி டாக்கியை வாங்கி. "ஹாரன் ரிலேயை உருவினவர் இங்க இருக்கார், ரிலேயும் இருக்கு. டிரைவரை ஜட்ஜ் முன்னால 'இல்லை'ன்னு சொல்லச் சொல்லுங்க. மீதியை நாங்க நடந்தே வந்து சொல்றோம்."

மறுமுனையில் மறுபடி கரகரப்பு. பேச்சுக்குரல்கள். யாரோ ஒரு பெண் உரக்க அழுதாள்.

எஸ்.ஐ. மறுபடி வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"சொல்லிட்டேன். சரிங்கறான். ஆனா ஒண்ணை மட்டும் ஒத்துக்கறேங்கறான்... டாக்டரைக் கேட்காம அவர் வண்டியில கை வச்சது தப்பாம். வீடு திரும்பும்போது ஐயாவுக்கு வேர்த்திருக்குமேன்னு மூணு நாளா உறுத்துதாம்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கிழிந்த சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கட்டும்," என்றார் சர்வேயரம்மா. "அது ஒண்ணை மட்டும்."